டேஷ் கேமரா கேள்வி பதில்: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

மதுரையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். வண்டியின் முன் கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேமராவை மாட்டுவதும், பிறர் மாட்டியதில் வரும் கோளாறைச் சரிசெய்வதும் என் அன்றாட வேலை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

தாம்பரம், ஸ்விஃப்ட்: அண்ணே, ஐயாயிரம் ரூபாய்க்குள் 4கே கேமரா என்று நிறைய வருகிறது. வாங்கலாமா?

தம்பி, பெட்டியில் போட்டிருக்கும் 4கே என்ற எழுத்தை நம்ப வேண்டாம். உண்மையான 4கே படத்துக்குக் குறைந்தது 8 மெகாபிக்சல் சென்சார், அதாவது படம் பிடிக்கும் சில்லு, வேண்டும். விலை குறைந்த பலவற்றில் உள்ளே இருப்பது 2 அல்லது 5 மெகாபிக்சல்தான். படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று சேமித்துவிடுவார்கள். கோப்பு பெரிதாகுமே தவிர நம்பர் பிளேட் தெளிவாகாது.

கடையில் சென்சாரின் பெயரைக் கேளுங்கள். சோனி ஸ்டார்விஸ் வரிசையில் ஐஎம்எக்ஸ்335 என்றால் 5 மெகாபிக்சல். ஐஎம்எக்ஸ்415 என்றால் 8. அடுத்த தலைமுறையான ஸ்டார்விஸ் 2 வரிசையில் ஐஎம்எக்ஸ்678 வருகிறது, இரவுக்கு இன்னும் நல்லது. பெயரைச் சொல்லாமல் மழுப்பினால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் பட்ஜெட்டில் நேர்மையான 2கே கேமராவே போதும். மிச்சப் பணத்தை மெமரி கார்டில் போடுங்கள்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, உள்ளே பேட்டரியா, சூப்பர் கெபாசிட்டரா என்பது. வண்டியிலிருந்து வரும் கரண்ட் அறுந்த பிறகு, எழுதிக்கொண்டிருக்கும் கடைசிக் கோப்பை ஒழுங்காக மூடுவதற்குச் சில விநாடி மின்சாரம் தேவை. விபத்தில் வயர் பிடுங்கிக்கொண்டால் அந்தச் சில விநாடிதான் உங்களுக்கு எல்லாம். அதைத் தர சில கேமராக்களில் சிறிய லித்தியம் பேட்டரி இருக்கும், சிலவற்றில் கெபாசிட்டர் இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் முன் கண்ணாடி ஓரம் அறுபது டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரி வீங்கும். கெபாசிட்டர் தாங்கும். தமிழ்நாட்டில் வெயிலில் நிற்கிற வண்டிக்கு நான் பேட்டரி வைத்த கேமராவைப் பரிந்துரைப்பதில்லை.

கரூர், பொலேரோ: மாட்டி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு பைக் வந்து இடித்தது. எடுத்துப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு முந்தைய வீடியோதான் இருக்கிறது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கேமரா போய்விட்டதா?

கேமரா போயிருக்க வாய்ப்பு குறைவு ஐயா. போனது கார்டு. என்னிடம் வரும் "கேமரா வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேஷ் கேமரா நிறுத்தாமல் எழுதும். கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும். 1080பி (ஃபுல் எச்டி) படத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 6 ஜிபி ஆகும். தினமும் ஒரு மணி நேரம் அலுவலகம் போய் வருபவரின் 64 ஜிபி கார்டு பத்து நாளுக்கு ஒரு முறை முழுதாக எழுதப்படுகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஓடும் டாக்ஸியில் அதே கார்டு ஒரே நாளில் ஒரு முறைக்கு மேல் நிரம்பி அழிகிறது. கார்டின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு அறையையும் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று கணக்கு உண்டு. போனுக்காகச் செய்த சாதாரணக் கார்டு இந்த உழைப்புக்கு வராது. ஆயுள் முடியும்போது பல கார்டுகள் புதிதாக எதையும் ஏற்காமல் "படிக்க மட்டும்" என்ற நிலைக்குப் போய்விடும். பழைய வீடியோ பத்திரமாக இருக்கும், புதியது ஏறாது. விலை மலிந்த கேமரா அதைக் கண்டுகொள்ளாமல் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

வாங்கும்போது "எண்டியூரன்ஸ்" என்று எழுதிய கார்டாக வாங்குங்கள். சாம்சங், சான்டிஸ்க் இரண்டிலும் அந்த வரிசை இருக்கிறது. பல சாதாரணக் கார்டுகளின் வாரண்டியில், தொடர்ந்து பதிவு செய்யும் கருவியில் போட்டால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். போலிக் கார்டும் சந்தையில் நிறைய. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே 16தான் இருக்கும். கணினியில் இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே கேமராவில் போடுங்கள்.

மாதம் ஒரு முறை கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அதைவிட முக்கியம், மாதம் ஒரு முறையாவது நேற்று எடுத்த வீடியோவைத் திறந்து பார்ப்பது. தேதி சரியா, படம் தெளிவா, குரல் கேட்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஈரோடு, ஐ20: 64 ஜிபி போதுமா, 128 வேண்டுமா?

முன் கேமரா மட்டும் 1080பி என்றால் 64. முன்னும் பின்னும் 2கே என்றால் 128. எண்டியூரன்ஸ் கார்டாக இருக்கட்டும்.

திண்டுக்கல், கிரெட்டா: ஜிபிஎஸ் உள்ள மாடல். வீடியோவின் கீழே வண்டியின் வேகம் விழுகிறது. அதை ஆஃப் செய்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்ய வேண்டாம் என்பேன். நீங்கள் அளவான வேகத்தில் போனதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதிரே வந்தவர் "நூற்றிருபதில் வந்தான்" என்று சொல்லும்போது திரையில் 58 என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது.

சேலம், வழக்கறிஞர்: மேலே திண்டுக்கல் நண்பருக்குச் சொன்ன பதிலை நான் ஏற்க மாட்டேன். உங்கள் கையாலேயே உங்களுக்கு எதிரான சாட்சியத்தை எழுதி வைக்கிறீர்கள். எதிரே வந்தவன் ராங் சைடில் வந்திருந்தாலும், 85 என்று திரையில் விழுந்தால் தவறில் உங்களுக்கும் பங்கு என்று இழப்பீட்டு வழக்கில் வாதாடுவார்கள். அணைத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

சார், நீதிமன்றம் உங்கள் துறை. ஆனால் எழுத்தை அணைத்தால் வேகம் மறைந்துவிடும் என்பது சரியில்லை. நம் நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறிய கல் நட்டிருக்கும். வீடியோவில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லைத் தாண்ட 10 விநாடி என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். 7.2 விநாடி என்றால் 100. விநாடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் இதை யாரும் கணக்கிடலாம். போதாக்குறைக்கு, சில மாடல்களில் திரையில் எழுத்தை அணைத்தாலும் ஜிபிஎஸ் விவரம் கோப்புக்குள் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

வேலூர், நெக்ஸான்: வக்கீல் சார் சொல்வதுதான் சரி. ஜிபிஎஸ் வேகம் தப்பாகவும் காட்டுகிறது. நான் பிரேக் போட்டு நின்ற பிறகும் திரையில் 20 என்று இருந்தது.

இது நல்ல வாதம், இதை ஒத்துக்கொள்கிறேன். பல கேமராக்களில் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் கணக்கிடுகிறது. அவசர பிரேக்கில் திரையின் எண் ஒன்றிரண்டு விநாடி பின்தங்கும். மேம்பாலத்துக்கு அடியிலும் சுரங்கப்பாதையிலும் சிக்னல் தடுமாறும். ஆகவே மோதும் கணத்தில் விழும் எண்ணை மட்டும் வைத்து யாராவது பேசினால், அதற்குப் பத்து விநாடி முன்பிருந்தே படத்தை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். சீராக ஓடும்போது அந்த எண் பெரும்பாலும் ஸ்பீடோமீட்டரைவிடச் சரியாகவே இருக்கும். ஸ்பீடோமீட்டர் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கப்படுகிறது.

சேலம், வழக்கறிஞர், மீண்டும்: கணக்கிட முடியும் என்பது வேறு. எதிர்த் தரப்புக்கு எண்ணைத் தட்டில் வைத்துக் கொடுப்பது வேறு. என் கட்சிக்காரரை நான் அணைக்கத்தான் சொல்வேன்.

விபத்துக்கு முன்னால் அணைத்து வைப்பது அவரவர் உரிமை சார், தடுக்க மாட்டேன். விபத்துக்குப் பிறகு கார்டைத் தூக்கி எறிவதும், கோப்பை அழிப்பதும், வெட்டி ஒட்டுவதும் சாட்சியத்தை அழிக்கும் குற்றம் என்பதை நீங்களே உங்கள் கட்சிக்காரருக்குச் சொல்லியிருப்பீர்கள். என்னிடம் வண்டியோடு வந்து "அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் கார்டைத் தொடவே மாட்டேன். கேமரா மாட்டுவது உள்ளது உள்ளபடி பதிவாக வேண்டும் என்பதற்காக. நாம் வேகமாகப் போனால் அதுவும் பதிவாகத்தான் வேண்டும். என் வண்டியில் எழுத்து எப்போதும் ஆனில்தான் இருக்கும். அது என் வலது காலையும் கட்டுப்படுத்துகிறது.

திருநெல்வேலி, எர்டிகா: வேக விஷயம் போதும். விபத்து நடந்தால் வீடியோவை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதலில் ஆட்களைப் பாருங்கள். 108க்கோ 112க்கோ கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் 1033 உதவி எண்ணும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கேமரா.

கேமராவில் உள்ள லாக் பொத்தானை அழுத்துங்கள், அந்தக் கோப்பு அழியாமல் பூட்டப்படும். பிறகு கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். இதை மறந்து, மீட்பு வண்டி கட்டி இழுக்கும் வரை சாவியை ஆனில் விட்டால் கேமரா எழுதிக்கொண்டே இருக்கும். சிறிய கார்டில், லாக் ஆகாத கோப்பு அடுத்தடுத்த நாளில் அழிந்தே போகும். அந்தக் கார்டைத் திரும்பக் கேமராவில் போடாதீர்கள். வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணினியில் ஒரு நகல் எடுங்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பியதை நகல் என்று நினைக்க வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும், கோப்பில் இருந்த விவரமும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்கு முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னது இப்போது 63ஆம் பிரிவில் வருகிறது. நகலைக் கொடுத்தால் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட்டு, கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். அசல் கார்டு கையில் இருந்தால் உங்கள் வழக்கறிஞருக்கு வழி எளிது. இன்சூரன்ஸ் சர்வேயருக்கு நகலைக் கொடுக்கலாம், அசலைக் கொடுக்காதீர்கள். போலீஸ் அசலைக் கேட்டால் எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இன்னொன்று. இரவில் ஹைபீம் வெளிச்சத்தில் எந்தக் கேமராவிலும் நம்பர் பிளேட் வெளுத்துப் போகும், வேகமாகப் போனால் மங்கும். இடித்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணைக் கண்டால் உடனே சத்தமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். மைக்கில் பதிவாகிவிடும். வண்டியின் நிறம், போன திசை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கோவை, கால் டாக்ஸி: பயணிகளின் பேச்சும் பதிவாகிறதே, பிரச்சினை வருமா?

உள் கேமராவும் மைக்கும் இருப்பதைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். எதையும் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். அடுத்தவர் முகத்தையும் பேச்சையும் ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

திருச்சி, பலேனோ: யூடியூப் பார்த்து நானே வயரிங் செய்யலாமா? பார்க்கிங் மோட் வேண்டும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுவது என்றால் தாராளமாகச் செய்யுங்கள், கூடவே தந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வண்டியின் யுஎஸ்பி பல வண்டிகளில் போதுமான கரண்ட் தராது, கேமரா அணைந்து அணைந்து எரியும்.

பார்க்கிங் மோடுக்கு, அதாவது வண்டியை அணைத்து நிறுத்திய பிறகும் பதிவாக, ஹார்ட்வயர் கிட் வேண்டும். அதில் மூன்று வயர். ஒன்று எப்போதும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு, ஒன்று பாடி எர்த்துக்கு. கம்பெனி வயரைச் சீவி ஒட்டுப் போடவே கூடாது, வாரண்டி சண்டைக்கு அதுவே காரணமாகும். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் சொருகித் தனி இணைப்பு எடுக்கும் ஃபியூஸ் டேப் (tap) என்று ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதைப் போடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். கிட்டில், பேட்டரி இறங்கினால் கேமராவை அணைக்கும் வோல்டேஜ் கட்ஆஃப் இருந்தால் 12.0 வோல்ட்டுக்குக் கீழே வைக்க வேண்டாம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பார்க்கிங் மோடை அணைத்துவிடுங்கள், பேட்டரி மிஞ்சும்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே உள்ள தூணில், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால், வயர் ஏர்பேக்கின் பின்புறமாகத்தான் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் விரியும் வேகத்தில் வயரும் பிளாஸ்டிக்கும் முகத்துக்கு வரும். சந்தேகம் இருந்தால் நீங்களே செய்யாதீர்கள்.

நாமக்கல், லாரி: 24 வோல்ட் வண்டிக்கு ஆகுமா?

சார்ஜரில் 12–24 என்று போட்டிருந்தால் ஆகும். 12 மட்டும் என்றால் எரிந்துவிடும்.

தேனி, வேகன்ஆர்: எந்த பிராண்டு வாங்கலாம்? மெமரி கார்டு எது போடலாம்?

தாம்பரம், கரூர் பதில்களைப் படியுங்கள்.

விருதுநகர், டிசையர்: எமர்ஜென்சி ஃபோல்டர் நிரம்பிவிட்டது என்று அடிக்கடி சொல்கிறது.

அதிர்வை உணரும் ஜி-சென்சார் அதிக உணர்திறனில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் விபத்து என்று எடுத்துக் கோப்பைப் பூட்டி வைக்கிறது. பூட்டிய கோப்புகள் இடத்தை அடைக்க, சாதாரணப் பதிவுக்கு இடம் சுருங்கும். அமைப்பில் "லோ" என்று வையுங்கள். வேண்டாததை அழியுங்கள்.

புதுக்கோட்டை, ஆல்டோ: வெயிலில் கேமரா கழன்று விழுகிறது.

கண்ணாடியின் மேல் ஓரத்தில் உள்ள கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டியிருப்பீர்கள், அங்கே டேப் முழுதாகப் பிடிக்காது. புள்ளி இல்லாத இடத்தில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் இடது பக்கமாக, வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் வையுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, காலை நேரத்தில் ஒட்டி ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். டேஷ்போர்டின் நிழல் கண்ணாடியில் விழுந்து படத்தை மறைத்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டர் ஒன்றை லென்ஸின் மேல் போட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம்.