டெக் பலகைக்கு ஸ்டெயின் அடிக்க எதை வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் சார். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஏலகிரி அத்தனாவூரில் மகன் நடத்தும் இரண்டு அறை ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிறேன். அறைகளுக்கு முன்னால் 20 அடிக்கு 12 அடி மர டெக் போட்டு மூன்று வருடம் ஆகிறது. பைன் பலகை. வெயிலிலும் பனியிலும் கிடந்து சாம்பல் நிறமாகிவிட்டது. ஸ்டெயின் என்கிற, மரத்துக்குள் இறங்கும் நிறப்பூச்சை அடித்தால் சரியாகும் என்கிறார்கள். பெயின்டர் ஸ்ப்ரே மெஷின் கொண்டுவந்து அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கடைக்காரர் நாலு இன்ச் பிரஷ் போதும் என்கிறார். ஆன்லைனில் நீளக் கம்பு வைத்த பேட் செட் ஒன்று 2,400 ரூபாய் என்று போட்டிருக்கிறது. எனக்கு முட்டி வலி, குந்தி உட்கார முடியாது. எதை வாங்குவது?
— ஒரு வாசகர், ஏலகிரி

பதில்: பேட் வாங்குங்கள். ஆனால் அந்த 2,400 ரூபாய் செட் வேண்டாம். பேடின் தலையை மட்டும் தனியாக வாங்குங்கள், கூடவே ஒரு நல்ல பிரஷும். ஸ்ப்ரேயை விட்டுவிடுங்கள்.

இந்தப் பேட் உங்களுக்குப் புதிதே இல்லை. மெஷின் வருவதற்கு முன்பு தோலுக்குச் சாயம் ஏற்ற, மரக்கட்டையில் மெத்தென்ற துணி சுற்றிய பேடைத்தான் கையில் பிடித்துத் தேய்ப்பார்கள். நீங்களே தேய்த்திருப்பீர்கள். சாயத்தை மேலே ஊற்றிவிடாமல், கொஞ்சமாகத் தொட்டு, அழுத்தித் தேய்த்து, தோலுக்குள் இறங்க வைப்பதுதானே அந்த வேலை? டெக் பேடும் அதே வேலையைத்தான் செய்கிறது. தட்டையான பிளாஸ்டிக் தகட்டில் ஒரு ஃபோம், அதன்மேல் குட்டையான மயிர்த்துணி. பின்பக்கம் கம்பு மாட்ட மரை. கம்பு மாட்டினால் நின்றபடியே வீட்டைத் துடைப்பதுபோல இழுத்துப் போகலாம். உங்கள் முட்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்ப்ரே ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். காற்றில்லாத பகல் அங்கே அபூர்வம். ஸ்ப்ரேயிலிருந்து வரும் மெல்லிய சாரல் சுவர், ஜன்னல் கண்ணாடி, பக்கத்துச் செடி எல்லாவற்றிலும் போய் உட்காரும். அதைவிட முக்கியமான குறை, ஸ்ப்ரே அடித்த ஸ்டெயின் மரத்தின் மேலேயே நிற்கும். அடித்த கையோடு பின்னாலேயே ஒருவர் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தால்தான் அது நாருக்குள் இறங்கும். அப்படித் தேய்க்க ஆள் கொண்டுவருவாரா என்று பெயின்டரிடம் கேட்டுப் பாருங்கள். தேய்க்காமல் அரை நாளில் முடிக்கிற வேலை, அடுத்த மழையிலேயே திட்டுத்திட்டாக வெளுக்கும். கைப்பிடிக் கம்பிகள், சட்டம் சட்டமான தடுப்பு என்றால் ஸ்ப்ரே உதவும். 240 சதுர அடி தளத்துக்கு அது தேவையில்லை.

சுவருக்கு அடிக்கிற புசுபுசு ரோலரும் வேண்டாம். இதை என் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் அம்மா சாயங்காலம் உட்கார்வதற்காக ஒரு சின்ன மரமேடை போட்டிருந்தோம். ஏப்ரல் மாதம், காலை பதினொரு மணிக்கு, ரோலரால் குறுக்குவாட்டில் அடித்துக்கொண்டே போனேன். பலகை சூடேறிக் கிடந்தது. ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை தொடங்குவதற்குள் முதல் வரிசையின் ஓரம் காய்ந்துவிட்டது. காய்ந்த ஓரத்தின் மேல் இரண்டாவது வரிசை ஏறிய இடமெல்லாம் ஓரடிக்கு ஒரு கறுப்புக் கோடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அம்மா அந்த மேடையில் உட்காரும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அந்தக் கோடுகளின் மேல்தான்.

அதனால் அடிக்கும் முறையைச் சொல்கிறேன். மேடை முழுவதும் குறுக்கே போகாதீர்கள். இரண்டே பலகையை எடுத்துக்கொண்டு, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நார் போகிற போக்கிலேயே இழுத்து முடியுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. பிறகு அடுத்த இரண்டு பலகை. இப்படிச் செய்தால் நிறம் மாறும் இடம் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள சந்தில் விழும், கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் முடித்து வெளியே வரப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், மூலையில் சிக்கிக்கொள்ளக் கூடாது.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.

முதலில் மாற்றுத் துணி. பேடின் மயிர்த்துணி சீக்கிரம் தேய்ந்துபோகும், அதுவும் பழைய பைன் பலகையின் சிலும்பில் இழுத்தால் இன்னும் சீக்கிரம். துணியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்றுத்துணி தனியாக விற்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வேலையோடு முழுத் தலையும் குப்பைக்குப் போகும். துணி வெறும் பசையால் ஒட்டியதா, கிளிப் போட்டுப் பிடித்ததா என்பதும் முக்கியம். ஆயில் ஸ்டெயினிலும் டர்பன்டைனிலும் ஊறும்போது மட்டமான பசை விட்டுவிடும். அந்த மேடைக்கு அடுத்த வருடம் மறுபடி அடித்தபோது நான் வாங்கிய பேட் பாதி வேலையில் தகட்டை விட்டுக் கழன்று வந்தது. பெட்டியில் ஆயிலுக்கும் ஆகும் என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கியது அது. கிளிப் போட்டதையே தேடி எடுங்கள்.

அடுத்தது மரை. செட்டின் விலையில் பாதி அந்தக் கம்புக்குத்தான். ரோலருக்கு மாட்டுகிற நீட்டுக் கம்பு ஹார்டுவேர் கடையில் தனியாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கலாம். ஆனால் சில கம்புகளில் மரை இருக்கும், சிலவற்றில் வெறுமனே செருகுகிற மாதிரி கூம்பு முனை இருக்கும். பேடின் தலையைக் கையில் எடுத்துப் போய், மாட்டி, நான்கு முறை தரையில் அழுத்தி இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஆடினால் வேண்டாம். இதற்காகவே முடிந்தவரை கடையில் நேரில் வாங்கச் சொல்கிறேன். திருப்பத்தூரில் கிடைக்காவிட்டால் வேலூரில் பெரிய பெயின்ட் கடைகளில் கேளுங்கள். ‘டெக் பேட்’ என்றால் சில கடைகளில் விழிப்பார்கள். ‘ஸ்டெயின் தேய்க்கிற பேட், கம்பு மாட்டுகிறது’ என்று சொல்லுங்கள்.

அகலம், பலகையின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். மிக அகலமானதை நின்றபடி சீராக அழுத்த முடியாது. சில பேடுகளின் ஓரத்தில் பலகைச் சந்துக்குள் இறங்கித் தேய்க்க ஒரு சின்ன நாக்கு வைத்திருப்பார்கள். இருந்தால் நல்லது, அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம், சந்துகளைப் பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

பிரஷ் ஏன் என்றால், பேட் போகாத இடம் நிறைய இருக்கிறது: சந்து, சுவரோரம், தூணின் அடி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பலகையின் அறுத்த முனை. அறுத்த முனை தண்ணீரை உறிஞ்சுகிற வாய். மரம் உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அங்கே பிரஷால் ஒரு முறை ஊறவிட்டு, குடித்துவிட்டதும் மறுபடி ஒரு முறை கொடுங்கள். அந்த வேலைக்கு மட்டும் ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் குனிய வேண்டாம். ஆயில் ஸ்டெயினுக்கு இயற்கை மயிர் பிரஷ், வாட்டர் பேஸ் ஸ்டெயினுக்கு நைலான் பிரஷ். மாற்றி வாங்கினால் இயற்கை மயிர் தண்ணீரில் ஊதித் தொளதொளத்துவிடும்.

ஸ்டெயினைப் பொறுத்தவரை, நிறமே இல்லாத கிளியர் சீலர் தண்ணீரைத் தடுக்கும், வெயிலை அவ்வளவாகத் தடுக்காது. உங்கள் பலகை வெளுத்தது வெயிலால். கொஞ்சம் நிறம் கலந்து, மர ரேகை தெரிகிற மாதிரியான ஸ்டெயினை எடுங்கள். பளபளவென்று படலம் கட்டுகிற வார்னிஷ், பாலியூரித்தேன் வகைகள் வேண்டாம். மேலே நடக்க நடக்கத் தோல் உரிவதுபோல உரியும், அப்புறம் முழுவதையும் சுரண்ட வேண்டி வரும்.

காலம் பொங்கல் கழிந்து மார்ச் வரை. நம் வடாற்காடு பக்கம் ஆடி ஆவணியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கோடையில் கீழே வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும், மலையிலும் நேர்வெயிலில் பலகை சுடும். டப்பாவில் எந்த வெப்பம் வரை அடிக்கலாம் என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். காலையில் பனி உலர்ந்த பிறகு, நிழல் விழும் பக்கமாகத் தொடங்குங்கள்.

முதலில் பிரஷ் போட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் சாம்பல் படலத்தை எடுத்து, தூசியைப் பெருக்குங்கள். பிறகு அங்கங்கே நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்கிக் கறுத்தால் மரம் குடிக்கத் தயார். உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், அங்கே மறுபடி தேய்க்க வேண்டும். இந்த நான்கு சொட்டைத் தவறவிட்டால் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை.

பேடைத் தட்டில் தோய்த்து, விளிம்பில் நன்றாக வழித்துவிட்டு இழுங்கள். சொட்டக் கூடாது. கால் மணி நேரம் கழித்தும் மேலே ஈரமாக மினுமினுத்தால், அந்த இடத்தில் மரத்துக்குப் போதும் என்று பொருள். மிச்சத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும், தூசியெல்லாம் அதில் ஒட்டும்.

அந்தப் பனியன் வேஸ்ட் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ஆளி விதை எண்ணெய் போன்ற உலர் எண்ணெய் கலந்த ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெளியாகிற சூடு குவியலுக்குள் சிக்கி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். விருந்தினர் தூங்குகிற வீடு அது. துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி வையுங்கள்.

எவ்வளவு வாங்குவது? உங்கள் தளம் 240 சதுர அடி. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவில் இருக்கும். 80 என்று போட்டிருந்தால் ஒரு முறை அடிக்கக் கணக்குப்படி 3 லிட்டர். ஆனால் வெளுத்த பைன் அதைவிட அதிகம் குடிக்கும், அதனால் 4 லிட்டர் வாங்குங்கள். திறக்காத டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். திறக்கப்போகிற டப்பாக்களையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும்.

கேள்வி: வணக்கம் சார். என் கணவருக்காக ஆன்லைனில் டெக் பேட் ஒன்று வாங்கினேன். படத்திலும் விவரத்திலும் கம்பு, தட்டு, இரண்டு மாற்றுத்துணி எல்லாம் இருந்தன. வந்த பெட்டியில் தலை மட்டும்தான். திருப்பி அனுப்புகிறேன் என்றால், ‘இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: விடாதீர்கள் அம்மா. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்பது உங்கள் மனம் மாறினால் அவர்கள் சொல்லக்கூடிய பதில். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் அந்தப் பதில் செல்லாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.

இன்றே அந்த விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், நாளைக்கு விவரத்தை மாற்றிவிடலாம். பெட்டி, அதன்மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே இருந்தது, பில் எல்லாவற்றையும் படமெடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரில் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கடைசி வழி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை அது. பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பெட்டியின்மேல் எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: எங்கள் பால்கனியில் போட்டது மரமா, டபிள்யூ.பி.சி.யா என்று தெரியவில்லை. போட்டவர் ஊரை விட்டுப் போய்விட்டார். நிறம் மங்கிவிட்டது. ஸ்டெயின் அடிக்கலாமா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஏதாவது ஒரு பலகையின் அறுத்த முனையைப் பாருங்கள். வளையக் கோடும் நாரும் தெரிந்தால் மரம். எங்கும் ஒரே மாதிரி பொடியை அழுத்திவைத்ததுபோல இருந்தாலோ, உள்ளே நீளமான பொந்துகள் இருந்தாலோ அது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. அதற்குள் மர ஸ்டெயின் இறங்காது, மேலே நின்று உரியும். சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டுக் கழுவிப் பாருங்கள். மங்கலில் பாதி அழுக்காகத்தான் இருக்கும்.