லாரி ஏன் வளைய மாட்டேன் என்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரிமோட்டில் ஓடும் தாமியாவின் 1/14 அளவு மாடல் ட்ராக்டர் ட்ரக் வைத்திருக்கிறேன், பின்னால் இரண்டு அச்சு. இணையத்தில் ஒரு மெட்டல் முன் அச்சு வாங்கி மாட்டினேன். அதிலிருந்து திரும்பும்போதெல்லாம் முன் டயர் தரையில் தேய்ந்து கீச்சிடுகிறது, வண்டியும் அகலமாகத்தான் வளைகிறது. சர்வோவை (முன் சக்கரத்தைத் திருப்பும் மோட்டார்) 20 கிலோவுக்கு மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. 25 கிலோ போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், காசு மிச்சம். உங்கள் முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன, அந்தச் சண்டைக்கு இன்னும் பலமான ஆளை அனுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன, அதனால் உள்பக்கம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியாக வேண்டும். இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதாவது ஒரு டயர் பக்கவாட்டில் இழுபடும். நீங்கள் கேட்கும் கீச் அதுதான்.

இதற்கு ஆக்கர்மன் ஜியோமெட்ரி என்று பெயர். யோசனை என்னவோ ம்யூனிக்கில் குதிரை வண்டி கட்டிய லாங்கன்ஸ்பெர்கருடையது. லண்டனில் படப் புத்தகங்கள் பதிப்பித்து விற்றுக்கொண்டிருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் அவருக்காகக் காப்புரிமை வாங்கினார், பெயர் வாங்கியவருக்கே போய்விட்டது!

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். லாரியைக் கவிழ்த்து வையுங்கள். பின் அச்சு இரண்டுக்கும் நடுவில், சேசிஸின் மையத்தில் ஒரு புள்ளி (கடைசி அச்சிலிருந்து அளப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு). அங்கிருந்து இரண்டு கிங் பின்னுக்கும் (முன் சக்கரம் திரும்பும் ஆணி) ஆளுக்கொரு நூல் கட்டுங்கள். நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டு) டை ராட் (இரண்டு நக்கிளையும் இணைக்கும் கம்பி) மாட்டும் ஓட்டை அந்த நூலின் மேல் விழ வேண்டும். மலிவான மெட்டல் அச்சுகள் சிலவற்றில் நக்கிளின் கை நேராகப் பின்னோக்கி நிற்கும், ஓட்டை நூலுக்கு வெளியே போய்விடும். உங்களுடையதும் அந்த ரகமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்குக்காக கிங் பின்களுக்கு நடுவே 140 மி.மீ., வீல்பேஸ் (முன் அச்சிலிருந்து அந்தப் புள்ளி வரை) 300 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நக்கிளின் கை சுமார் 13 டிகிரி உள்ளே சாய வேண்டும். கையின் நீளம் 20 மி.மீ. என்றால் ஓட்டை நாலரை மி.மீ. உள்ளே வரும், டை ராட் 140-க்குப் பதில் 131 ஆகும். அப்போது உள்பக்கச் சக்கரம் 35 டிகிரி திரும்பினால் வெளிப்பக்கம் ஏறத்தாழ 30-இல் நிற்கும். சின்ன அலுமினியத் துண்டை வெட்டி, புது ஓட்டை போட்டு, கையின் மேல் ஸ்க்ரூ வைத்து முடுக்கினாலே போதும், வெல்டிங் எல்லாம் வேண்டாம். டை ராட் அச்சுக்கு முன்னால் ஓடும் வண்டியாக இருந்தால் எல்லாம் தலைகீழ், ஓட்டை வெளியே, சக்கரத்தை நோக்கிப் போக வேண்டும். நானே ஒருமுறை டை ராடுக்கு இடம் போதவில்லை என்று இடது நக்கிளை வலதிலும் வலதை இடதிலும் மாட்டி ராடை முன்னால் கொண்டுவந்தேன், கை உள்ளே சாய்ந்தபடியே முன்னால் வந்துவிட்டது, வெளிச்சக்கரம் அதிகமாகத் திரும்ப ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் முழுக்க சர்வோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் தேய்மானத்தை நிறுத்தும். ஆனால் வட்டம் சின்னதாக வேண்டுமென்றால் சக்கரம் கூடுதலாகத் திரும்பியாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. மேலே சொன்ன அளவில் உள்சக்கரம் 35 டிகிரி என்றால் வண்டியின் நடுக்கோடு சுமார் 50 செ.மீ. ஆரத்தில் வளையும், 45 டிகிரிக்குக் கொண்டுபோனால் 37 செ.மீ. எது தடுக்கிறது என்று கையால் திருப்பிப் பாருங்கள்: டயர் லீஃப் ஸ்ப்ரிங்கில் இடிக்கிறதா, பால் ஜாயின்ட் ரிம்மில் உரசுகிறதா? எதுவும் இடிக்காமல் பாதியிலேயே நின்றால் சர்வோ ஹார்ன் (சர்வோவின் மேல் சுழலும் கை) குட்டை. நீளமாக்குங்கள். 20 கிலோ என்பது 1 செ.மீ. தூரத்தில் கிடைக்கும் இழுப்பு, ஹார்னில் 2 செ.மீ. தள்ளி மாட்டினால் 10 கிலோதான். ஆக, நீங்கள் வாங்கிய சர்வோ வீண் இல்லை, இப்போதுதான் அதற்கு வேலை வருகிறது.

அப்புறம் ஒன்று, பின் டிஃபரன்ஷியல்களை (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) லாக் செய்து வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பின்னால் எட்டு டயரும் சேர்ந்து வண்டியை நேராகத்தான் தள்ளும். முன்னால் என்ன செய்தாலும் பாதிப் பலன்தான், வீட்டுத் தரையில் ஓட்டுவதற்கு லாக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இடது பக்கம் அழகாக வளைகிறது, வலது பக்கம் பாதிதான். ரிமோட்டில் ட்ரிம் (ஸ்டியரிங்கின் நடுநிலையைத் தள்ளிவைக்கும் பொத்தான்) வைத்து நேராக்கித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: அந்த ட்ரிம்மில்தான் கோளாறு. ட்ரிம்மைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஹார்னைக் கழற்றி, சர்வோ நடுவில் நிற்கும்போது, அதிலிருந்து நக்கிளுக்குப் போகும் ராடுக்குச் செங்குத்தாக மாட்டுங்கள். 25 பல் உள்ள சர்வோவில் ஒரு பல் தள்ளினால் 14.4 டிகிரி, அதனால் துல்லியமாக உட்காராது. மிச்சமிருக்கும் சில டிகிரிக்கு மட்டும் சப் ட்ரிம், அதாவது ரிமோட்டின் செட்டிங்கில் சர்வோவின் நடுநிலையையே நகர்த்துவது. சக்கரம் நேராக நிற்கவில்லையா, ராடின் நீளத்தைத் திருகி மாற்றுங்கள்.

கேள்வி: கால்மிதி மேல் ஏறும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது, ஏன்?

பதில்: அச்சு ஸ்ப்ரிங்கோடு மேலே போகிறது, சேசிஸில் இருக்கும் சர்வோ அசைவதில்லை, நடுவில் இருக்கும் ராட் நக்கிளைத் தள்ளிவிடுகிறது. குறுக்கே போகும் ராட் என்றால் வண்டி தன் எடையில் நிற்கும்போது தரைக்கு இணையாக இருக்கட்டும், முடிந்த அளவு நீளமாகவும் இருக்கட்டும். சரிவாக நின்றால் சர்வோவைத் தாழ்த்துங்கள், இல்லை ஹார்னைத் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: டோ இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் லேசாக ஒன்றையொன்று நோக்கி நிற்பது) எவ்வளவு வைக்கலாம்?

பதில்: பூஜ்யம். இது ரேஸ் கார் இல்லை.