மெயிலில் வரும் புது நம்பரை எப்போது பதிவில் ஏற்றலாம்?

கேள்வி: சார், வாடிக்கையாளர் மெயிலின் அடியில் புது போன் நம்பர் இருக்கிறது. நம்மிடம் உள்ள வாடிக்கையாளர் பதிவில் இருப்பதை அழித்துவிட்டு இதைப் போடலாமா?

பதில்: போடுங்கள், அழிக்காதீர்கள். பழையதை 'முந்தைய நம்பர்' என்று குறித்துவிட்டு, புதியதன் பக்கத்தில் மெயில் வந்த தேதியை எழுதுங்கள். ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மெயிலின் அடியில் பெயர், நம்பரோடு வரும் கையொப்பத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருள் போட்டோம். ஒருவர் பெயரில் இன்னொருவர் நம்பர் ஏறிவிட்டது.

பதில்: ஒரே தொடரில் நாலு பேர் பதில் போட்டால் கீழே நாலு கையொப்பம் கிடக்கும். மென்பொருள் எதையோ எடுத்திருக்கும். பழைய மெயில் தொடங்கும் இடத்துக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, மேல்பகுதியை மட்டும் அதற்குக் கொடுங்கள். ஃபார்வர்டு செய்த மெயில்களை ஆள் பார்த்தே ஏற்றுவது நல்லது. மென்பொருளை மட்டும் குறை சொல்ல முடியாது. நானே ஒருமுறை மேலாளர் பெயரில் அவருடைய உதவியாளரின் நம்பரை ஏற்றிவிட்டேன். என் விலைப் பேச்சு முழுவதையும் அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அவரிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

கேள்வி: 'விடுமுறையில் இருக்கிறேன், அவசரமென்றால் இவரைத் தொடர்புகொள்ளவும்' என்று வந்தால்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் 'இந்த நிறுவனத்திலிருந்து விலகிவிட்டேன்' என்று வந்தால் விடாதீர்கள். அவரைச் 'செயலில் இல்லை' என்று குறித்துவிட்டு, அடுத்து வந்தவருக்குத் தனிப் பதிவு தொடங்குங்கள். பழைய பதிவிலேயே பெயரை மட்டும் மாற்றினால், முன்னவர் பேசியதெல்லாம் புதியவர் பேசியதாக ஆகிவிடும்.

கேள்வி: திரும்பி வரும் மெயில்களை என்ன செய்வது?

பதில்: திரும்பி வந்த மெயிலில் உள்ள பிழை எண்ணைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல். 5.1.1 என்றால் அந்த முகவரியே இல்லை, நிறுத்திவிடலாம். 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5-இல் தொடங்குகிறதே என்று ஆளைத் தூக்கிவிடாதீர்கள்.

கேள்வி: 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, திருப்பித் தரவேண்டிய பணத்தை இதில் போடுங்கள்' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். முகவரி அவருடையதுதான்.

பதில்: அவருடையதேதானா? ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முகவரி சரியாகவே இருந்தாலும், அவருடைய மெயில் கணக்கே வேறொருவர் கையில் இருக்கலாம். அதனால் போன் செய்து கேளுங்கள், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல. விவரமான மோசடிக்காரன் முதலில் 'என் நம்பர் மாறிவிட்டது' என்று சாதுவாக ஒரு மெயில் அனுப்புவான். நீங்களும் மாற்றிவிடுவீர்கள். அப்புறம்தான் வங்கிக் கணக்கு மெயில் வரும். சரிபார்க்க நீங்கள் கூப்பிட்டால் போனை எடுப்பது அவனேதான். பழைய நம்பரை அழிக்காதீர்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்.