எனர்ஜி டிரிங்கை விட்ட இரண்டாம் நாள் தலைவலி

வணக்கம். நைட் ஷிஃப்டில் தினம் நாலு கேன் குடித்து, படபடப்புக்குப் பயந்து ஒரேயடியாக விட்டதாகவும், இரண்டாம் நாளான இன்று மண்டை பிளப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது எனர்ஜி டிரிங்கில் இருக்கும் காஃபின் (காபி, டீயிலும் உள்ள ஊக்கப்பொருள்) நின்றதால் வரும் தலைவலிதான். மூளை ரத்தக்குழாய்களைக் காஃபின் சுருக்கி வைத்திருந்தது. நின்றதும் அவை விரிகின்றன. இரண்டாம் நாள்தான் உச்சம், ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும்.

இந்திய விதிப்படி எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மி.கி. காஃபின் வரை சேர்க்கலாம். 250 மி.லி. கேனில் 75, நாலுக்கு 300. கூடவே இரண்டு காபி குடித்திருந்தால் 400-ஐ நெருங்கியிருப்பீர்கள். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் எல்லை அதுதான்.

கஷ்டமான கட்டத்தைப் பாதி தாண்டிவிட்டீர்கள், மறுபடி கேனைத் தொடாதீர்கள். தாங்கவே முடியாவிட்டால் ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒரு சின்ன டம்ளர் டீ; மூன்று நாளுக்கொரு முறை அளவைப் பாதியாக்குங்கள். மாத்திரை என்றால் பாராசிட்டமால் 500 மட்டும் உள்ளதாக வாங்குங்கள். சில தலைவலி மாத்திரைகளில் காஃபினே கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள்.

காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை 3 மணிக்குக் குடித்ததில் பாதி, 8 மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் உடம்பில் இருக்கும். சமீபத்தில் சிகரெட்டையும் விட்டிருந்தால் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும்.

படபடப்பை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். இந்த வாரமே ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.