பிரிவுக்குப் பின் எழுதலாமா, வரையலாமா, சிரிக்கலாமா? – கேள்வி பதில்

கேள்வி: பிரிந்து பத்து நாள் ஆகிறது அக்கா. எழுதினால் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கோ அழுகைதான் கூடுகிறது. எங்கே தப்பு?

எழுதிய கையோடு மனம் கனப்பது இயல்புதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மனதை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். எழுதிய அன்று வாட்டம். பலன் தெரிந்தது அடுத்து வந்த மாதங்களில்.

ஆனால் பத்தே நாளில் இது வேண்டாம் என்பேன். “ஏன் விட்டுப்போனார்?” என்று மனம் அதையே அரைத்துக்கொண்டிருக்கும்போது உணர்ச்சியைக் கொட்டி எழுதினால் புண்ணைக் கிளறியதாகிவிடும். மணமுறிவு கண்டவர்களிடம் 2013-ல் செய்த ஆய்வும் இதையே காட்டியது. இப்போதைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று அன்றாடத்தை மட்டும் எழுதுங்கள். பிறகு அந்த நாலு நாள் முறைக்கு வரலாம். அலாரம் வையுங்கள், படுக்கப்போகும் நேரத்தில் எழுதாதீர்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் “அதனால்”, “இப்போது புரிகிறது” போன்ற சொற்கள் தலைகாட்டினால் சரியாகப் போகிறது. அன்றும் வெறும் “ஏன்”தான் என்றால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அவர் முகத்தையே வரைந்துகொண்டிருக்கிறேன். நல்லதா?

இல்லை. துக்கத்தையே வரைவதைவிட வேறொன்றை வரைவதுதான் மனநிலையைச் சீக்கிரம் தேற்றுகிறது. மேசைமேல் சாவிக்கொத்தைப் போட்டு, 20 நிமிடம் பென்சிலால் வரையுங்கள். ஒவ்வொரு பல்லும் எங்கே வளைகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கண் தேடும்போது பழைய நினைப்புக்கு இடம் குறைகிறது. அழிப்பான் வேண்டாம், அழித்து அழித்துத் திருத்த உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: ராத்திரி தனியாக காமெடி வீடியோ பார்க்கிறேன். சிரிப்பே வரவில்லை.

தனிமைதான் காரணம். கூட ஆள் இருக்கும்போது நாம் சிரிப்பது பல மடங்கு அதிகம். ஒரே ஒரு நண்பரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தொல்காப்பியம் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (எதையும் நம்பிவிடுவது) என்று நான்கு களன்கள் சொல்கிறது. பேதைமையில் தொடங்குங்கள்: தடுமாறும், உளறும் பாத்திரங்கள். பிரிந்தவரை எள்ளிச் சிரிக்கும் கூட்டம் வேண்டாம், சிரித்து முடித்ததும் அவர் நினைப்புதான் நிற்கும்.

கேள்வி: இரண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இன்றே, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். எழுத்தும் படமும் காத்திருக்கும்.

கேள்வி: என் காதல் தோல்வியையே ஸ்டாண்ட்-அப் மேடையில் சொல்லலாமா?

சொல்லலாம். முதலில் சத்தமாக மூன்று முறை வாசியுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறையும் குரல் உடைந்தால், அந்தப் பகுதியை ஒரு மாதம் எடுத்து வையுங்கள். நீங்கள் அழப்போகிறீர்கள் என்று தோன்றினால் கூட்டம் சிரிக்காது, பயந்துவிடும்.

“மனசு நொறுங்கிப்போச்சு” என்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. இதைப் பாருங்கள்: “அவ நம்பரை அழிச்சிட்டேன். முழுக்க மனப்பாடம். என் நம்பரைக் கேட்டாத்தான் போனைப் பாக்கணும்.” அவளைப் பற்றி ஒரு குறையும் இல்லை, மாட்டிக்கொண்டவன் சொல்பவன்தான். திருப்பம் கடைசி வரியில் இருக்கிறது. அதற்குப் பின் விளக்கமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் சிரிப்பு அமுங்கிவிடும்.