மூளை அழற்சிதான் (எதிர்ப்புச் சக்தி மூளைக்குள் கொதித்தெழுவது) அல்சைமர் என்ற மறதி நோய்க்குக் காரணமா? வலி மாத்திரையோ மஞ்சளோ தினமும் சாப்பிட்டால் தடுக்கலாமா?

தடுக்க முடியாது. மாத்திரையைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மூட்டுவலிக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருகிறது என்று சில கணக்கெடுப்புகள் சொன்னதை நம்பி, அமெரிக்காவில் 70 வயதைத் தொட்டவர்களுக்கு நேப்ராக்சென், செலிகாக்சிப் என்ற வலி மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இதயத்துக்கு ஆபத்து என்ற பயத்தில் 2004-ல் நிறுத்தினார்கள். நோயைத் தடுத்ததாகவும் தெரியவில்லை. மஞ்சளுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ரசத்தில் போடுவது போதும்.

காரணமா என்றால், நோயைத் தொடங்கிவைப்பதைவிட முற்றவைப்பதில்தான் அழற்சிக்குப் பங்கு அதிகம் என்பது என் புரிதல். மூளையில் மைக்ரோக்ளியா என்ற துப்புரவு செல்கள் உண்டு. அமைலாய்டு புரதம் படிந்தால் சூழ்ந்துகொண்டு விழுங்குவது இவைதான். படிவு தீராமல் சேரச் சேர, அடங்காமல் சைட்டோகைன்கள் என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டி, நல்ல நரம்பிணைப்புகளையும் சேர்த்து அழிக்கும். அதற்காக இவற்றை ஒரேயடியாக அடக்கவும் கூடாது. இவை ஒழுங்காக வேலை செய்யத் தேவையான ட்ரெம்-2 மரபணுவில் ஓர் அபூர்வ மாறுபாடு இருந்தால் அல்சைமர் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது என்று 2013-ல் தெரியவந்தது.

உடம்பில் வேறெங்கோ வரும் அழற்சியும் மூளையைத் தொடும். இதைக் கோத்தகிரியில் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அத்தை (மாமியார்) காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். அல்சைமர் இருந்தாலும் வீட்டுக்குள் சமாளித்துக்கொண்டிருந்தார். மார்கழிக் குளிரில் ஒரு ராத்திரி எழுந்து, "மேஸ்திரி வந்துட்டாரு, கூடை எங்கம்மா?" என்று கட்டிலுக்கடியில் தேட ஆரம்பித்தார். மறுநாள் என்னையே யாரென்று கேட்டார். நோய் முற்றிவிட்டதென்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். காய்ச்சல்கூட இல்லை. டாக்டர் முதலில் சிறுநீரைத்தான் சோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று! குளிர் வந்தால் அத்தைக்குத் தண்ணீரே இறங்காது, வெந்நீரை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார். ஆன்டிபயாடிக் கொடுத்ததும் கூடை தேடுவது நின்றது, என் பெயரும் திரும்பி வந்தது. ஆனால் தானே போட்டுக்கொண்டிருந்த ஸ்வெட்டர் பட்டனை இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். தொற்று கிளப்பும் சைட்டோகைன்கள், ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும் மைக்ரோக்ளியாவை இன்னும் உசுப்பிவிடும் என்கிறார்கள்.

அல்சைமர் இரண்டே நாளில் இப்படி முற்றாது. திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையை மட்டும் மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கித் தொடராதீர்கள். வயதானவர்களுக்கு வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.