பதினோரு பேர் இருந்தோம், யாரும் பார்க்கவில்லை

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: சின்னக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, சொந்தபந்தம் எல்லாரும் சேர்ந்து போகும் பயணம். 31 வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள், நான்கு பேரக்குழந்தைகளின் பாட்டி. அந்த அனுபவத்தில் இருந்துதான் இந்த இதழில் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கடிதமும் முதலில், அதன் கீழே என் பதில்.

என் பையனுக்கு இரண்டே கால் வயது. மாமனார், மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம் என்று 14 பேர் ஒரே வீட்டில் ஆறு நாள் தங்கப் போகிறோம். போன வருடம் மதியம் அவனைத் தூங்க வைத்தால் யாராவது வந்து எழுப்பிக் கொஞ்சுவார்கள். சாயங்காலம் அவன் கத்தி அழுதால், பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்பதுபோல எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். "ஆறு நாள்தானே, தூக்கம் கெட்டா என்ன" என்கிறார் மாமியார்.

மகளே, சாயங்காலம் அழுதது உங்கள் பையனின் குணம் அல்ல, தூக்கமின்மை. ஒன்று, இரண்டு வயதில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பகல் தூக்கமும் சேர்ந்த கணக்கு இது. "பகலில் தூங்காவிட்டால் ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்குவான்" என்று பெரியவர்கள் சொல்வது பெரியவர்களுக்குத்தான் பொருந்தும். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தைக்குத் தூக்கம் வராது. கண் சொருகும், ஆனால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். வார்டில் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

அதற்காக ஆறு நாளும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்ட வேண்டாம். ஒரே ஒரு தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். மதியத் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், ராத்திரி அரை மணி முன்பின் ஆவதை விட்டுவிடலாம். கூடத்துக்கும் அடுப்படிக்கும் தள்ளி இருக்கும் அறையை உங்களுக்குக் கேட்டு வாங்குங்கள். இருட்டாக இருந்தால் சின்ன அறை என்றாலும் பரவாயில்லை. வீட்டில் அவன் போர்த்திக்கொள்ளும் போர்வையைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். புது இடத்தில் குழந்தைக்குத் தெரிந்த ஒரே விஷயம் அந்த வாசனைதான்.

மாமியாரிடம் பேச வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே பேசட்டும். "அம்மா, மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவனைத் தூங்க வைக்கும் பொறுப்பு ஆறு நாளும் உன்னோடது" என்று கேட்கச் சொல்லுங்கள். தூங்குகிறவனை எழுப்பாதே என்று பாட்டியிடம் சொன்னால் அது தடை. தூங்க வைத்துக்கொடு என்றால் அது உரிமை. அதன்பிறகு அந்த அறைவாசலில் யார் காலடிச் சத்தம் கேட்டாலும் முதலில் விரல் உயர்த்துவது அவராகத்தான் இருக்கும்.

காரில் ஏறி அரை மணியில் நாலு வயது மகள் வாந்தி எடுக்கிறாள். ஒரு வயதுத் தம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது. மடியில் உள்ள படப் புத்தகத்தைப் பார்க்கும் கண் "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். இரண்டு வயதுக்குள் இது அபூர்வம், இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை அதிகம். புத்தகம், போன் இரண்டையும் வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். கிளம்பும் முன் வயிறு காலியாகவும் வேண்டாம், முட்டவும் வேண்டாம். மாத்திரை என்றால் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்ட பிறகே.

நாங்கள் தங்கப்போகும் இடத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், கூட எட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். குழந்தைகளுக்கு மூன்றும் ஐந்தும். இத்தனை பேர் இருக்கும்போதும் மனைவி பயப்படுகிறாள். தைரியம் சொல்லி எழுதுங்கள்.

தம்பி, தைரியம் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி பயப்படுவதுதான் சரி.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் மட்டும் 11 பேர் இருந்தோம். ஒருவர் துண்டு மடிக்கிறார், இரண்டு பேர் பழைய கதை பேசிச் சிரிக்கிறார்கள், நான் ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறேன். குளத்தின் முதல் படிக்கட்டில் சிவப்பாக இரண்டு சின்னச் செருப்பு, ஜோடியாக. யாரோ சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் குளத்தைப் பார்த்தேன். என் தங்கை மகளின் பையன், மூன்று வயது, தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கிறான். நிற்கவில்லை, கால் எட்டவில்லை. தலை பின்னால் சாய்ந்து, முடி கண்ணை மூடி, வாய் தண்ணீர் மட்டத்தில். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்துகின்றன, ஏணி ஏறுகிறவன் மாதிரி. ஒரு சத்தம் இல்லை. சேலையோடு இறங்கித் தூக்கினேன். இருமினான், பிறகு அழுதான். அந்த அழுகையைவிட இனிமையான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

"யார் பார்த்துக்கிட்டு இருந்தது?" என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினோம். "நீ பார்க்கிறேன்னு நினைச்சேன்." பதினோரு பேரும் சொன்னது இதே வாக்கியம்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கை ஆட்டாது. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவதற்கு எங்கே போகும்? உலகம் முழுவதும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இறப்பு விகிதம் மிக அதிகமாக இருப்பது ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள். உங்கள் மூன்று வயதுக் குழந்தை அதில் இருக்கிறது.

ஆள் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது இயல்பு. 1968-இல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரலைக் கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். கெட்டவர்கள் இல்லை, வேறு யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தவர்கள். குளக்கரையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அன்றைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு மஞ்சள் தொப்பி இருக்கிறது. குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்வரை அந்தத் தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவருக்கு வேறு வேலை கிடையாது. போன் கையில் இருக்கக்கூடாது, பேச்சு கூடாது, குடித்திருக்கக்கூடாது, கட்டாயம் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். இருபது நிமிடம்தான் ஒருவருக்கு, அதற்குமேல் கண் அலையும். மாற்றும்போது தொப்பியைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைத்து, "இப்போ நீ" என்று சொல்ல வேண்டும். அவர் "இப்போ நான்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் முதல் ஆள் நகரக்கூடாது. நீச்சல் தெரியாத சின்னதுகளோடு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், அது தனி. கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பாதீர்கள். அது விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் கவசம் அல்ல. குளித்து முடித்த பிறகு குளத்துக்குப் போகும் கதவைப் பூட்டுங்கள். பலரும் கவனம் தளர்வது அப்போதுதான்.

இன்னொன்று. மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் தவறு. நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும், ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கிளம்புவதற்குள் நீங்களும் மனைவியும் ஒரு பயிற்சி வகுப்பில் சிபிஆர் என்ற இந்த முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், தம்பி. நிஜமாகவே காத்திருப்பேன்.

எனக்கு வயது 71. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. பேரப்பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்கப் போகிறேன். நான் கவனிக்க வேண்டியது என்ன?

ஐயா, இப்படிக் கேட்ட முதல் தாத்தா நீங்கள்தான். மனம் நிறைந்துவிட்டது.

வாரம் முழுவதற்கும் அறை அறையாகப் பிரித்த மாத்திரை டப்பா வைத்திருப்பீர்கள். அதைக் குழந்தையின் கண்ணால் பாருங்கள். ஒளி ஊடுருவும் மூடி, உள்ளே வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள். ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம். ஒரே சொடுக்கில் திறக்கும். இதைவிட நல்ல பொம்மை எந்தக் கடையில் கிடைக்கும்? சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அதனால் "நல்லாத்தானே விளையாடுகிறது" என்று இருந்துவிடக் கூடாது. வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தலையணை அடியிலும் கைப்பையிலும் டப்பா வேண்டாம். போய் இறங்கியதும் பூட்டும் அலமாரி எது என்று பாருங்கள். இல்லையென்றால் பூட்டுள்ள பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள். காது கேட்கும் கருவி வைத்திருந்தால் அதன் பட்டன் பேட்டரியும் அங்கேயே இருக்கட்டும். விழுங்கினால் அது உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடக்கூடியது.

மூன்று மருமகள்கள், ஒரு மாமியார். போகிற இடத்திலும் நாங்கள் நான்கு பேரும் அடுப்படியில், ஆண்கள் சீட்டாட்டத்தில். திரும்பி வந்ததும் எனக்கு இன்னொரு விடுமுறை தேவைப்படுகிறது.

"கூப்பிட்டா வந்து உதவுவோமே" என்று அவர்கள் சொல்வார்கள். கூப்பிடுவதும் ஒரு வேலை, அதுவும் உங்கள் தலையில்தானே விழுகிறது? வேளையைப் பிரியுங்கள், குடும்பம் குடும்பமாக. செவ்வாய் ராத்திரி மூத்தவர் குடும்பம் என்றால், சமைப்பது, பாத்திரம், அடுத்த நாளுக்குக் குடிநீர் எல்லாம் அந்தக் கணவன் மனைவி பொறுப்பு. மற்றவர்கள் அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. உப்பு கூடினால் கூடட்டும். பெயர் எழுதிய தாளை அடுப்படிக் கதவில் ஒட்டுங்கள், எழுதுவது வீட்டின் மூத்த ஆணாக இருக்கட்டும். மாமியாரின் பெயர் அதில் இருக்கவே வேண்டாம். அவர் எத்தனை வருடம் நின்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்களுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள், கொழுந்தனுக்குக் குழந்தை இல்லை. செலவை எப்படிப் பிரிப்பது?

தங்கும் வாடகை அறைக் கணக்கில், சாப்பாடு ஆள் கணக்கில். இரண்டு வயதுக்கு உட்பட்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கிளம்பும் முன்பே பேசி, கணக்கு எழுதுவது ஒருவர் என்று முடிவு செய்யுங்கள். பெரிய மனதோடு அவர் அதிகம் கொடுக்க வந்தாலும், வாங்கும் முன் அவருடைய மனைவியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மகனும் மருமகளும் வேறு ஊரில். வருடத்துக்கு ஒருமுறை கோடையில்தான் பேத்தியைப் பார்க்கிறேன். ஒன்றரை வயது. கை நீட்டினால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுகிறாள். எல்லார் முன்னாலும் அவமானமாக இருக்கிறது. நாளெல்லாம் மனசு வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும் அம்மா. நானும் அந்த நீட்டிய கையோடு நின்றிருக்கிறேன்.

எட்டு மாத வாக்கில் தொடங்கும் இந்த வேற்றுமுகப் பயம், ஒன்றரை வயதிலும் இருப்பது இயல்பு. யார் தன்னுடையவர் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். சில குழந்தைகள் பிறவியிலேயே மெதுவாகப் பழகும் சுபாவம். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற தம்பதி 1956-இல் தொடங்கிப் பல வருடம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதில் சுமார் 15 சதவீதக் குழந்தைகள் இந்த ரகம். அவசரப்படுத்தினால் பின்வாங்கும், விட்டுவிட்டால் தானே வரும்.

முதல் நாள் கை நீட்டாதீர்கள், கண்ணையும் நேராகப் பார்க்காதீர்கள். அவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மருமகளோடு சிரித்துப் பேசுங்கள். அம்மா யாரோடு இளகி இருக்கிறாளோ அவரைக் குழந்தை நம்பும். கையில் ஒரு கிண்ணமும் மூடியும் வைத்துக்கொண்டு திறந்து மூடுங்கள், அவளுக்காகச் செய்வதுபோல் அல்ல, உங்கள் பாட்டுக்கு. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவள் நகர்ந்து வந்து மூடியைத் தொடுவாள். அப்போதும் தூக்காதீர்கள். மூடியை மட்டும் கொடுங்கள்.